கை படாத இன்ஜின்

அத்தியாயம் 6

எரிந்துபோன காரைச் சுற்றி நின்று ஆளாளுக்கு உச்சுக் கொட்டினால் மங்களாம்பிகைக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மோட்டார் சர்வேயராகப் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, கும்பகோணத்தில் சொந்தமாகத் துப்பறியும் நிலையம் திறந்தவள் அவள். கருகிய காருக்குப் பின்னால் ஒன்று பொய்யன் இருப்பான், இல்லாவிட்டால் முட்டாள் இருப்பான் என்பது அவள் கண்ட உண்மை. இரண்டும் ஒரே ஆளாக அமைந்துவிட்டால் கேஸ் சீக்கிரம் முடியும்.

முத்துப்பேட்டை போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அந்த அம்பாசடர் நின்றிருந்தது. முன்பாதி கரி, பின்பாதி பால் வெள்ளை.

"பாதி சுட்ட கத்திரிக்காய் மாதிரி இருக்கு மேடம்" என்றான் பகலவன். அவளுடைய உதவியாளன். வேலையில் சுமார், வாயில் சூரன்.

"வாயை மூடிக்கிட்டு வண்டிக்கு அடியில படு. அச்சுல என்ன சுத்தியிருக்குன்னு பாத்துச் சொல்லு."

பங்குனி மாதம். டெல்டாவில் பங்குனி வந்தால் தார் ரோடெல்லாம் களமாகிவிடும். பறித்த உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற லாரியும் பஸ்ஸும் கூலி கேட்காமல் மிதித்துக் கொடுக்கும். செடி சில சமயம் வண்டி அச்சில் சுற்றிக்கொண்டு, சூட்டில் தீப்பிடிப்பதும் உண்டுதான். முத்துப்பேட்டை ஜவுளிக்கடை அப்துல் ஜலீலின் கார் அப்படித்தான் எரிந்தது என்று அவர் மகன் ஹம்தான் புகார் எழுதிக் கொடுத்திருந்தான். சார்ஜாவிலிருந்து லீவில் வந்தவன். 'நான் வண்டி ஓட்டி வந்தேன். துரைராசு என்பவர் ரோட்டில் போட்டிருந்த உளுந்துச் செடி அச்சில் சுற்றித் தீப்பற்றியதை என் கண்ணால் பார்த்தேன்' என்று கையெழுத்தும் போட்டிருந்தான்.

துரைராசு வலது கையில் பெரிய கட்டோடு ஸ்டேஷன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். ஐ.டி.ஐ. முடித்த வெல்டர். சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை தயார். பாஸ்போர்ட் வந்தால் போதும். அதற்கான போலீஸ் விசாரணைக் காகிதம் இதே ஸ்டேஷனில், இதே சப்-இன்ஸ்பெக்டர் மேஜையில், இந்தப் புகாருக்கு அடியிலேயே கிடந்தது. சாயங்காலம் எஃப்.ஐ.ஆர். போடப் போவதாக அவர் சொல்லிவிட்டார். போட்டுவிட்டால் பாஸ்போர்ட்டும் இல்லை, சிங்கப்பூரும் இல்லை.

"தீ வச்சவன் கைதானம்மா சுடும்? கட்டைப் பாருங்க, அதுவே சாட்சி" என்று புகாரில் இல்லாத ஒன்றையும் மங்களாம்பிகையிடம் சேர்த்துச் சொல்லியிருந்தார்.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை. துரைராசுவின் அம்மா காத்தாயி ஒரு மரக்கால் உளுந்தை மடியில் கட்டிக்கொண்டு கும்பகோணத்துக்கே பஸ் ஏறி வந்து, அதைத் துப்பறியும் நிலையத்தின் மேஜையில் வைத்ததில்தான் இந்தக் கேஸ் ஆரம்பித்தது.

"இன்னொரு தடவை சொல்லும்மா, என்ன நடந்துச்சு?" என்றாள் மங்களாம்பிகை.

"வெள்ளிக்கெழம, தொழுகை முடிஞ்சு எல்லாரும் வூட்டுக்குப் போற நேரங்க. இந்த வண்டி பேய் மாதிரி வந்துச்சு. எங்க களத்துக்கு முன்னாடியே நின்னுடுச்சு. உளுந்து மேல ஏறவே இல்ல. நின்ன பொறவும் இன்ஜின் மட்டும் அலறுது. வெள்ளையும் நீலமுமாப் பொகை, பக்கத்துல நிக்கற ஆளு தெரியல. யாரோ எறங்கி ஓடுனாப்ல இருந்துச்சு. ஆளு எறங்குன பொறவும் அது நிக்கலீங்க. மேல மேல கத்துது. முனி புடிச்சிடுச்சுன்னு எல்லாரும் ஒதுங்கிட்டாங்க. அப்பறம் முன்பக்கம் குப்புன்னு தீ. இவன்தான், உள்ள ஆரும் மாட்டியிருந்தா என்னா பண்றதுன்னு ஓடிக் கதவப் புடிச்சு இழுத்தான். தொறக்கல. கை வெந்ததுதான் மிச்சம்."

ஆள் இறங்கியும் நிற்காத இன்ஜின். மங்களாம்பிகையின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. கேலிச் சிரிப்பு. அவளுக்கு வேறு சிரிப்பு வராது.

வண்டிக்கு அடியிலிருந்து பகலவனின் குரல் கேட்டது. "மேடம், இங்க ஒரு உளுந்தங்காய்கூட இல்ல. அச்சுல ஐப்பசி மாசத்துச் சேறு அப்படியே ஒட்டிக்கிட்டிருக்கு. சேத்துல ஒரு வைக்கோல் துரும்பு இருக்கு. அதுகூட கருகல."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். இங்க ஓட்டத் தெரியாதவன் உளுந்து மேல பழி போடறான். வெளியில வா, பானெட்டைத் தூக்கு."

உள்ளே இன்ஜின் கருகிக் கிடந்தது. புகை வெளியேறும் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தை அவள் விரலால் காட்டினாள். எல்லா நட்டும் கரி பிடித்திருக்க, அங்கே மட்டும் நான்கு நட்டுகள் பளபளவென்று இருந்தன.

"எல்லாரும் எழவு வீட்டுல நிக்கறப்ப நாலு பேர் மட்டும் மாப்பிள்ளை ஜோர்ல நிக்கறானுங்க" என்றான் பகலவன்.

"தீ அணைஞ்ச பிறகு போட்ட நட்டு. அப்படின்னா இந்த இடத்துல வேற ஏதோ சாமான் இருந்திருக்கு. எரிஞ்ச வண்டியிலேர்ந்து அதைக் கழட்டி ஒளிச்சிருக்கான் ஒருத்தன்."

போகிற போக்கில் அவள் டிரைவர் பக்கக் கதவை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. அந்தப் பக்கம் போய் மற்ற கதவை இழுத்தாள். சுலபமாக வந்தது. "ம்" என்று சொல்லிக்கொண்டு பகலவனின் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தாள்.

அப்துல் ஜலீல் வண்டிக்கு வாடிக்கையான மெக்கானிக் வீரையன். திருத்துறைப்பூண்டி எல்லையில் பட்டறை. பாதி பம்புசெட், பாதி கார். எந்தப் பாதியைத் தொட்டாலும் மறுபாதியின் உதிரிபாகம் உள்ளே போய்விடும் என்று ஊரில் பேச்சு.

"நமக்கு ஒண்ணும் தெரியாதும்மா. ஆயில் மாத்துவேன், அவ்வளவுதான்" என்றான் வீரையன், துணியில் கையைத் துடைத்தபடி.

புகைக் குழாயில் மாட்டியிருந்த சாமான் என்னவாக இருக்கும் என்று மங்களாம்பிகை வழியிலேயே கணக்குப் போட்டிருந்தாள். பகலவன் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் சொன்னேனே. பழைய வண்டிக்கு டர்போ மாட்டறதுன்னா சும்மாவா? இந்தப் பக்கத்துல எவனுக்கு அந்தக் கை இருக்கு? மெட்ராஸ்லேர்ந்துதான் யாராவது வந்து பண்ணியிருக்கணும்."

"பின்னே? இங்க இருக்கறவங்களுக்குப் பம்புசெட்டுக்கு வாஷர் வெட்டவே ரெண்டு நாள் ஆகுது மேடம். டர்போவைக் காட்டினா சட்னி அரைக்கிற மிஷினான்னு கேப்பாங்க."

வீரையனின் காது மடல் சிவந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"யாரைப் பாத்து என்ன பேசறீங்க? மெட்ராஸ்காரன் கிழிச்சான்! மாட்டினது இந்தக் கை!" என்றவன் மூலையிலிருந்த சாக்கை உதறினான். நத்தைக் கூடு மாதிரிச் சுருண்ட ஓர் இரும்புச் சாமான் தரையில் உருண்டது. ஒரு பக்கம் கருகியிருந்தது.

"சார்ஜா காயலாங்கடை மால்! ஹம்தான் தம்பி பேரீச்சம்பழத்துக்கு நடுவுல வச்சுக் கொண்டாந்துச்சு. இன்ஜின் விடற புகையே இந்த விசிறியைச் சுத்தும். அது காத்தை அமுக்கி உள்ள தள்ளும். வண்டி ஏரோப்பிளேன் மாதிரிப் போச்சு, தெரியுமா?"

"போச்சு, போச்சு. மேலோகத்துக்கே போச்சு" என்றான் பகலவன்.

"மூணு லட்சம் கிலோமீட்டருக்கு மேல ஓடின வண்டி" என்றாள் மங்களாம்பிகை. "டர்போ மாட்டறதுக்கு முன்னாடி இன்ஜினைப் பிரிச்சு, தேஞ்ச பிஸ்டன் ரிங்கை மாத்தினியா?"

அப்போதுதான் வாயை விட்டுவிட்டது அவனுக்கு உறைத்தது. குரல் இறங்கியது. "அதைப் பிரிக்கக் கூடாதுன்னுட்டாங்கம்மா. கை படாத இன்ஜின். வாங்கினதுலேர்ந்து ஒரு தடவைகூடப் பிரிக்காததுன்னு கடைத்தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்காங்க. வெளியில என்ன வேணாலும் மாட்டு, உள்ள மட்டும் கை வைக்காதேன்னு உத்தரவு."

மங்களாம்பிகைக்கு இந்தப் பெருமை புதிதில்லை. தஞ்சாவூரிலிருந்து வேதாரண்யம் வரை பழைய கார் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் மீசையைத் தடவிக்கொண்டு சொல்கிற வசனம் அது. இன்ஜினில் கை பட்டால் குடும்ப மானமே போய்விடும். வண்டி ஆயிலைக் குடிக்கும், புகையைக் கக்கும், மேடு ஏறும்போது முனகும்; ஆனால் கை படாத இன்ஜின். பல் டாக்டரையே பார்த்ததில்லை என்று பொக்கை வாயால் பீற்றிக்கொள்வது போல.

"வண்டி எரிஞ்ச பிறகு இதைக் கழட்டச் சொன்னது யாரு?"

"ஹம்தான் தம்பிதான். வேற யாரு?"

டர்போவைச் சாக்கோடு கட்டி முன்னால் வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் முத்துப்பேட்டைக்குத் திரும்பியது.

"மேடம், முனி எப்படி வந்துச்சுன்னு சொல்லவே இல்லையே?"

"தேஞ்சுபோன இன்ஜின்ல ரிங் சந்து வழியாக் காத்து கீழே இறங்கி எண்ணெயை நெட்டித் தள்ளும். அந்த எண்ணெய் டர்போ வழியா இன்ஜினுக்கே போய்ச் சேரும். டீசல் இன்ஜினுக்கு டீசல்தான் வேணும்னு இல்ல, எண்ணெயும் சோறுதான். தன் எண்ணெயைத் தானே தின்னு ஓட ஆரம்பிச்சுட்டா சாவியை எடுத்தாலும் நிக்காது. சூடான குழாய் மேல எண்ணெய் சிந்தினா தீ. கிழட்டு மாட்டுக்குச் சாராயம் ஊத்தி ரேக்ளாவுல பூட்டியிருக்கான், வேறென்ன?"

அப்துல் ஜலீல் வீட்டு வாசலில் கறுப்புக் கண்ணாடி போட்ட புத்தம்புதுக் கார் நின்றது. கூடத்தில் அதன் சொந்தக்காரர் தௌபீக் உட்கார்ந்திருந்தார். அப்துல் ஜலீலின் மகள் சபிஹாவைக் கட்டிக்கொடுத்த வீடு, சம்பந்தி. எரிந்த காருக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர். எதிரே அப்துல் ஜலீல், வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, இடுப்பில் அகலமான பச்சை பெல்ட். பக்கத்தில் ஹம்தான்.

பகலவன் சாக்கை அவிழ்த்து டர்போவைப் பாயில் வைத்தான். தௌபீக் அதைக் குனிந்து பார்த்தார். அப்துல் ஜலீல் விட்டத்தைப் பார்த்தார்.

ஹம்தான் சுதாரித்துக்கொண்டான். "ஆமா, என் ஆசைக்கு மாட்டினேன். அதனால என்ன? தீ வந்தது உளுந்துச் செடியாலதான். ஓட்டினவன் நான். கண்ணால பாத்தவனும் நான்தான். நீங்க அங்க இருந்தீங்களா?"

நியாயமான கேள்விதான். பார்த்தேன் என்று சொல்கிற ஒருவனுடைய சொல்லுக்கு முன்னால் நான்கு நட்டும் ஒரு நத்தைக் கூடும் எம்மாத்திரம்? சப்-இன்ஸ்பெக்டரும் அதைத்தான் கேட்பார்.

"சரி தம்பி" என்றாள் மங்களாம்பிகை. "தீயைப் பாத்ததும் என்ன பண்ணினீங்க?"

"குதிச்சு ஓடினேன்."

"கதவு?"

"கதவை யாரு பாத்தா? திறந்தது திறந்தபடி கிடந்துச்சு."

"சாவி?"

"வண்டியிலேயே வெந்து போச்சு."

"வெந்த சாவி இறங்கி வந்து கதவைப் பூட்டிச்சாக்கும்? டிரைவர் கதவு இன்னும் பூட்டியே கிடக்கு தம்பி. அந்தக் கதவை வெளியில நின்னு சாவி போட்டுத்தான் பூட்ட முடியும். அதை இழுத்துத்தான் ஒரு பையனுக்குக் கை வெந்திருக்கு. நீங்க அந்த வண்டியிலேயே இல்லை. அப்பறம் எந்தக் கண்ணால பாத்தீங்க?"

ஹம்தானின் கண் அப்பா பக்கம் போனது.

"எரியற வண்டியைப் பூட்டிட்டுப் போற ஆளு உலகத்துல ஒருத்தர்தான் இருக்க முடியும். அதை விட்டு இறங்கினா பூட்டணும்னு இத்தனை வருஷமாக் கை பழகின ஆளு. யோசிக்காமலே பூட்டுவாரு. ஜலீல் பாய், சாவி எங்க இருக்கு?"

அப்துல் ஜலீலின் கை பதில் சொன்னது. தன்னையறியாமல் பச்சை பெல்ட்டின் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

பகலவன் வாயைப் பிளந்தான். இவ்வளவு நேரமும் மகன்தான் கிறுக்கன் என்று நினைத்திருந்தான்.

உள் வாசலிலிருந்து ஹலீமாவின் குரல் வந்தது. அப்துல் ஜலீலின் மனைவி. "கேட்டுக்குங்க! படுக்கப் போறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை எந்திரிச்சுப் போய்க் கதவை இழுத்துப் பாக்கற மனுஷன். எரியறப்பவும் பூட்டிட்டு வந்திருக்காரு. யாரு களவாடிட்டுப் போவான்னு நினைச்சாரோ, ரப்புக்குத்தான் வெளிச்சம்."

"வாப்பாவை விடுங்க" என்றான் ஹம்தான். "கடைத்தெருவுல உளுந்துன்னு சொல்லிட்டு வந்துட்டாங்க. புகார் குடு, குடுன்னு ஆளாளுக்குச் சொன்னாங்க. வாப்பா பேரு ஸ்டேஷன்ல வரக் கூடாதுன்னு நான் எழுதிக் குடுத்தேன்."

"உங்க வாப்பா பேரு வரக் கூடாது. அந்தப் பையன் பேரு வரலாம். அப்படித்தானே? அவன் பாஸ்போர்ட் போனா உங்களுக்கென்ன, நீங்க அடுத்த மாசம் பிளேன்ல சார்ஜா போயிடுவீங்க" என்றாள் மங்களாம்பிகை. அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்திருந்தது. "இந்த வயசுல எதுக்கு பாய் இந்த ஆட்டம்?"

அப்துல் ஜலீல் முதன்முறையாகச் சம்பந்தியை நேராகப் பார்த்தார். "நீங்க புதுக் கார் வாங்கின நாள்லேர்ந்து நானும் பாக்கறேன். ரோட்டுல எங்க கண்டாலும் என் வண்டியை முந்திட்டுப் போறது. அதோட விட்டாலும் பரவாயில்ல. முந்தறப்ப ஒரு ஹார்ன். கிழவா, ஒதுங்குங்கற மாதிரி. என் வண்டி இந்த ஊர்ல ஓடினப்ப உங்ககிட்ட சைக்கிள்தான் இருந்துச்சு. அதுக்குத்தான் இவனை டர்போ கொண்டாரச் சொன்னேன். அன்னைக்கும் ஹார்ன் அடிச்சீங்க. விடக் கூடாதுன்னு மிதிச்சேன்."

தௌபீக் குழம்பிப்போய் விழித்தார். "சம்பந்தி, எனக்கு கார் ஓட்டவே தெரியாதே. ஸ்டீரிங்ல இருந்தது சபிஹால்ல?"

உம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து சபிஹா எட்டிப் பார்த்தாள்.

"மாமாதான் டிரைவிங் ஸ்கூல்ல சேத்துவிட்டாங்க வாப்பா" என்றாள். "உங்ககிட்ட சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல. நம்ம வூட்டு வண்டியாச்சே, உள்ள யாரு இருந்தாலும் ஒரு சலாம் சொல்லிட்டுப் போவோம்னுதான் ஒவ்வொரு தடவையும் ஹார்ன் அடிப்பேன்."

"வண்டி ஓட்டக் கத்துக்குடுங்கன்னு உங்ககிட்டதான் முதல்ல கேட்டா" என்றாள் ஹலீமா. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஸ்டீரிங்னீங்க."

அப்துல் ஜலீல் எழுந்து தொப்பியைச் சரிசெய்தார். "வாங்கம்மா, ஸ்டேஷனுக்குப் போவோம்" என்றார்.

போனது சம்பந்தியின் காரில்தான். சபிஹாதான் ஓட்டினாள். வாப்பா முன்சீட்டில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் நன்றாகவே ஓட்டினாள். அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஸ்டேஷனில் அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. ஓட்டியது தான்தான் என்றார். உளுந்தின் மேல் வண்டி ஏறவே இல்லை என்றார். "இந்தப் புள்ள வண்டிக்குத் தீ வைக்கல. உள்ள ஆளு இருக்குன்னு நினைச்சுக் காப்பாத்த வந்தான்" என்று துரைராசுவைக் காட்டினார். சப்-இன்ஸ்பெக்டர் அப்பனையும் மகனையும் காது புளிக்கத் திட்டிவிட்டு, புகார் தவறு என்று எழுதி வாங்கிக்கொண்டார். பிறகு அடியில் கிடந்த பாஸ்போர்ட் காகிதத்தை எடுத்து மேலே வைத்தார்.

"உன் மேல ஒண்ணும் இல்லப்பா. இதுல ஒரு கையெழுத்துப் போடு, நாளைக்கே அனுப்பிடறேன்."

துரைராசு பேனாவை வாங்கினான். கட்டுப் போட்ட விரல்களுக்கு நடுவில் அது நிற்கவில்லை. நழுவி மேஜையில் உருண்டது. இடது கையால் பிடித்து முயன்றான். கோணலாக ஒரு கோடு விழுந்ததோடு சரி. சப்-இன்ஸ்பெக்டர் மைப்பெட்டியை நகர்த்தி வைத்தார்.

காத்தாயி மகனுடைய இடது பெருவிரலைப் பிடித்து மையில் அமுக்கி, காகிதத்தில் வைத்து எடுத்தாள். முந்தானையால் அந்த விரலைத் துடைத்துக்கொண்டே அப்துல் ஜலீலிடம் சொன்னாள்.

"எங்க கூட்டத்துலயே கைநாட்டு வைக்காத மொத ஆளு இவன்தான் பாய். இன்னிக்கு வச்சிட்டான்."

அப்துல் ஜலீலால் தலை நிமிர முடியவில்லை. நிமிரவும் வேண்டாம் என்று மங்களாம்பிகை நினைத்தாள்.